வடக்குத் தெருவில் கரண்டு நின்ற நேரம்

பேட்டரியில் ஒரே ஒரு கோடுதான் மிச்சம். அதனால் காமிராவை அணைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பூட்டின உரக்கடையின் மூன்றாவது படியில் நிற்கிறேன். முதல் சப்பரம் கிழக்குத் தெரு முக்கில் திரும்பின பிறகு போட்டால் போதும். ஒரு காமிரா, அதுவும் பிடியில் ரப்பர் உரிந்துபோய் நான் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டின பழைய காமிரா. ஒரு லென்ஸ், ஐம்பது எம்.எம்., அது எட்டியும் பார்க்காது, கிட்டேயும் இழுக்காது, நான்தான் நடக்கவேண்டும். ப்ளாஷ் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது. மாற்றுப் பேட்டரி, பெரிய லென்ஸ், ப்ளாஷ் எல்லாம் இருக்கிற கறுப்புப் பை எதிரே மேடையில் இருக்கிறது, என் வீட்டுக்காரர் குற்றாலிங்கத்தின் காலடியில். புதுக் காமிராவை அவர் கழுத்தில் மாட்டியிருக்கிறார். மேடையில் அவர் யாரையும் படம் எடுக்கப்போவதில்லை. "சும்மா கைய வீசிட்டுப் போனா போட்டோகிராபர்னு எவன் நம்புவான்" என்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று வாரை இழுத்துச் சரிபண்ணினார். கல்யாண மாப்பிள்ளை எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருக்கிற மாதிரி இப்போது அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு அவருக்குச் சால்வை. போன வருடத் தசரா ராத்திரி இதே வடக்குத் தெருவில் எடுத்த படத்துக்குப் பெரிய போட்டியில் முதல் பரிசு வந்ததற்காக விழாக் கமிட்டி போடுகிற சால்வை. அந்தப் படத்தை எடுத்தது நான். இதே படியில், இதே காமிராவில், இதே லென்ஸில். இதை மனசுக்குள் சொல்லும்போதுகூட ஏதோ அடுத்த வீட்டுப் பொருளைத் தொட்டுவிட்ட மாதிரி கை பின்னால் போகிறது, மூன்று மாதத்தில் என்னை அப்படிப் பழக்கிவிட்டார்கள், பழக்கிவிட்டார், பழகிக்கொண்டேன்.

மேடைக்குப் பின்னால் படத்தைப் பத்தடிக்குப் பேனராக அடித்துக் கட்டியிருக்கிறார்கள். மூலையில் வட்டத்துக்குள் அவர் முகம், கும்பிட்ட கை. நிறத்தைக் கெடுத்துவிட்டார்கள், தீவட்டி வெளிச்சம் இப்படி ஆரஞ்சு மிட்டாய் நிறமாகவா இருந்தது. ஆனால் மாசானத்தின் கண்ணைக் கெடுக்க முடியவில்லை. சப்பரத்தின் உச்சியில் காலை மடக்கி உட்கார்ந்து, கவை மூங்கிலால் தெரு வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து வருகிற தீவட்டி வெளிச்சத்தில் அவன் நேரே பார்க்கிறான். அவனுக்குக் கீழே அம்மன் இருட்டில் இருக்கிறாள், மூக்குத்தி மட்டும் தெரிகிறது. பரிசுக்காரர்கள் கடிதத்தில் எழுதியிருந்தார்களே, அந்தப் பார்வையே படத்தின் உயிர் என்று. என் பக்கத்தில் கடலைப் பொட்டலத்தோடு நிற்கிற அம்மாளும் அதைத்தான் பார்க்கிறாள். "இந்தா மேல உக்காந்திருக்கான் பாத்தியளா, மாசானம், எங்க தெருதான். யாரைப் பாத்து இப்படிச் சிரிக்கான்னு அவன் பொண்டாட்டிக்கே சந்தேகம்" என்கிறாள். "படம் எடுத்தவங்களைத்தான் பாத்திருப்பாரு" என்று சொல்கிறேன். "அப்ப அவரைப் பாத்தா சிரிச்சான்?" என்று மேடையைக் கையால் காட்டிவிட்டுக் கடலையை வாயில் போட்டுக்கொள்கிறாள். ஆமாம் என்று தலை ஆடுகிறது. என் தலைதான். சப்பரம் வயருக்குக் கீழே கடக்கும்போது டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்குவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் கூடவே மேளமும் நிற்கும், சப்பரத்துக்குப் பின்னால் வண்டியில் வருகிற ஜெனரேட்டரும் நிற்கும், ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது. உச்சியில் இருக்கிறவன் நில்லு என்றால் கீழே வடம் இழுக்கிற அத்தனை பேருக்கும் கேட்கவேண்டும். மூன்று நிமிடம், நாலு நிமிடம், தெரு முழுக்க இருட்டு, நாலு தீவட்டி, எண்ணெய் எரிகிற சத்தம். அந்த நாலு நிமிடத்தில்தான் அவன் என்னைப் பார்த்தான். உச்சியிலிருந்து பார்த்தால் தலைகளுக்கு மேலே படியில் தனியாக நிற்கிறவள் நான் ஒருத்திதான். ப்ளாஷ் போடாமல் ஒரு பொம்பளை இருட்டில் என்னத்தை எடுக்கிறாள் என்று அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

இவர் அன்றைக்கு வீட்டில் கிடந்தார். நூற்றிரண்டு காய்ச்சல். "நீ போ, ரெண்டு படம் எடுத்துட்டு வா, கமிட்டிக்குக் குடுக்கணும்" என்று போர்வைக்குள் இருந்து சொன்னார். ப்ளாஷ் பழுது என்றேன். "அப்ப என்னத்த விழப்போகுது, சும்மா போயிட்டு வா" என்றார். சும்மாதான் போனேன். சும்மா எடுத்த படத்துக்குத்தான் இவ்வளவு பெரிய பேனர். ஆடி மாதம் அந்தப் போன் வந்தபோது நான் அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன், இவர் முற்றத்தில். படத்தை எங்கள் லிங்கம் ஸ்டூடியோ பெயரில் போட்டிக்கு அனுப்பினது நான், அனுப்பினது இவர் போனில் இருந்து, என் போனில் அவ்வளவு பெரிய படம் போகாது. "ஆமா" என்றார். போனை மறு காதுக்கு மாற்றினார். மறுபடி, "ஆமா, நான்தான்." அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. லிங்கம் ஸ்டூடியோவா என்று கேட்டிருக்கலாம். குற்றாலிங்கம் பேசுகிறீர்களா என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஆமா, நான்தான் என்றுதானே எவரும் சொல்வார்கள். மூன்று நாள் நான் அப்படித்தான் நம்பினேன், மூன்று நாளும் அந்த ஆமாவை எடுத்து எடுத்து வெவ்வேறு கேள்விக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், பொருந்தத்தான் செய்தது. "யாரு அத்தான் போன்ல?" என்று கேட்டதற்கு, "போட்டிக்காரங்க, படம் ஜெயிச்சிருக்கு" என்றார். எந்தப் படம் என்றேன். "நம்ம படம்தான்" என்றார். நம்ம. அத்தை மகனைக் கட்டினவளுக்கு நம்ம என்ற சொல்லில் என்ன சந்தேகம் வரும், பிறந்ததிலிருந்து நம்ம வீடு நம்ம கிணறு என்றே கேட்டு வளர்ந்தவள். சந்தோஷத்தில் வாழைக்காய் வறுவலில் உப்பை இரண்டு தடவை போட்டேன். உப்புக் கரிக்கிறது என்று சொல்லாமல் அவர் சாப்பிட்ட ஒரே நாள் அதுதான். அப்போதே எனக்குப் பிடிபட்டிருக்கவேண்டும்.

நாலாம் நாள் கடிதம் வந்தது, திரு. கு. குற்றாலிங்கம் அவர்களுக்கு. நான் வாசலிலேயே பிரித்துப் படித்துவிட்டு, தப்பா எழுதியிருக்காங்களே அத்தான், ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன், கரண்டு பில்லில் இனிஷியல் தப்பாக வந்த மாதிரி. அவர் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, விவரங்கள் வருகிற இடத்தைத் தட்டிக் காட்டினார். "நான் ஒண்ணும் சொல்லலட்டி. படத்துக்குள்ளயே பேரு இருக்கு, அதைப் பாத்து அவங்களே எழுதிக்கிட்டாங்க." இருந்தது. எடுத்த தேதி, நேரம், லென்ஸ், அதற்குக் கீழே எடுத்தவர் என்று குற்றாலிங்கம். ஒன்பது வருடம் முன்னால் காமிரா வாங்கின அன்றைக்கே உள்ளே தன் பெயரைத் தட்டி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அது எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் தானாக அந்தப் பெயர் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு வருடம் முன்னால், புதுசு வந்ததும், இனி இது உனக்கு என்று கொடுத்தாரே, அப்போது அழிக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது வெளிச்சமும் வேகமும், பெயரை யார் போய்த் தேடுவார்கள். அன்று ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான் எடுத்த கல்யாணங்கள், குற்றாலிங்கம். என் மகள் லோசனி முதல் பல் விழுந்து வாயைக் காட்டிச் சிரித்த படம், குற்றாலிங்கம். ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டின கடைசிப் படம், அந்த அறையில் நானும் அம்மாவும் தவிர ஒருவர் கிடையாது, எடுத்தவர் குற்றாலிங்கம். அழவில்லை. சிரிப்புதான் வந்தது. காலையில், இப்பவாவது போன் பண்ணுங்க என்றேன். "என்னட்டி புரியாம பேசுத, நான் வேற நீ வேறயா, ஸ்டூடியோவுக்கு வந்த பரிசு" என்றார். நீங்களும் நானும் ஒன்று என்றால் என் பெயரைச் சொல்லுங்களேன் என்று வாய்வரை வந்தது. அத்தை வாசல் தெளித்துக்கொண்டே, "எம் மகன் பேரு பேப்பர்ல வருதாம்லா" என்று எதிர் வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடினதுதான்.

மூடினது மட்டும் இல்லை, உதவியும் செய்திருக்கிறேன். லோசனிக்கு ஒன்பது வயசு, பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். "இருட்டுல அப்பா எப்படிம்மா எடுத்தாங்க?" என்று கேட்டாள். லென்ஸை முழுக்கத் திறந்து வைக்கணும், மூச்சைப் பிடிச்சுக்கணும், முழங்கையை விலாவோட ஒட்டிக்கணும் என்று நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டாள், அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார் என்று. அந்த நோட்டை நானே திருத்தியும் கொடுத்தேன். இப்போது அவள் முன்வரிசையில் அத்தை மடியில் சாய்ந்துகொண்டு மேடையைப் பார்க்கிறாள், ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது, இங்கேயிருந்து தெரிகிறது. காமிராவைப் போட்டேன். அந்த ஒரு கோடு இன்னும் இருக்கிறது. விளக்கு இருக்கும்போதே தூரத்தைப் பிடித்து வைத்துவிடவேண்டும், இருட்டில் இந்த லென்ஸ் முன்னேயும் பின்னேயும் ஓடித் திணறும். சப்பரம் இந்தப் படியிலிருந்து பன்னிரண்டு அடியில் போகும், அதே பன்னிரண்டு அடியில் கம்பத்தில் ஒரு தகரப் பலகை இருக்கிறது, அதன் எழுத்தில் கூர்மை பிடித்துக்கொண்டு தானியங்கியை அணைத்துவிட்டேன். இனி வளையத்தைத் தொடக்கூடாது. போன் அடிக்கிறது. மேடையிலிருந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு அவர். "எங்கட்டி நிக்க?" உரக்கடைப் படியில என்றேன். "அங்க என்ன சோலி, கிட்ட வா. சால்வை போடும்போது ரெண்டு மூணு எடுத்துரு. பேனரும் சேந்து விழணும், என்னா." சப்பரம் வருதே என்றேன். "சப்பரம் வருசா வருசம் வரும்" என்று வைத்துவிட்டார். என் படத்துக்கு அவருக்குச் சால்வை போடுவார்கள், அதையும் நானே படம் எடுத்துக் கொடுக்கவேண்டும். அந்தப் படத்துக்குள் போய் உட்காரப்போவதும் அவர் பெயர்தானே. பெயரை மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. மூன்று மாதமாக மாற்றவில்லை. மாற்றினால் நான் அவரை நம்பவில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றல்லவா இருந்தேன், பைத்தியக்காரி.

கிழக்குத் தெருவில் மேளம் கேட்கிறது. தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள், என் தலைக்கு நேர் மேலேயே ஒன்று. காதைப் பொத்தினாலும் தப்பமுடியாது. செயலாளர் பேசுகிறார், நமது ஊருக்குப் பெருமை சேர்த்த, நமது மண்ணின் மைந்தர், நமது. இங்கேயும் நமது. அந்தப் படம் எடுத்த அனுபவத்தை அவர் வாயாலேயே கேட்போம் என்று மைக்கைக் கொடுக்கிறார். படம் போனது போகட்டும், என்ன சொல்லப்போகிறார், அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது, போர்வைக்குள் இருந்த கதையா. ஆனால் இருக்கிறது. நானே கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய், காய்ச்சல் விட்டு வேர்த்துக் கிடந்தவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, விளக்கைப் போடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அப்பா வயர்மேன். கரண்டு நிறுத்தியாச்சு, ஏறு என்று கீழே நின்ற ஒருத்தன் சொன்னதை நம்பிக் கம்பத்தில் ஏறினார். நிறுத்தியிருக்கவில்லை. உயிர் தப்பியது, வலது கை கருகி உள்ளே மடங்கிப்போயிற்று. அந்த ஒருத்தன் யார் என்று அப்பா பதினோரு வருடம் வெளியே சொல்லவில்லை, டீக்கடையில் அவனோடு சேர்ந்தே உட்கார்ந்திருந்தார். சாகிறதுக்கு முந்தின வாரம் என்னிடம் மட்டும் பெயரைச் சொன்னார். மாசானம் அந்த வயரைத் தூக்கினபோது எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது, நிறுத்தியிருப்பார்களா, யார் சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது, அந்தப் பயத்தோடுதான் எடுத்தேன். இதையெல்லாம் இவரிடம் சொன்னேன், அந்தப் பெயரைக்கூடச் சொன்னேன். இவர் என் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன், இருட்டில் படுத்துக்கொண்டு, இவ்வளவு நல்லவரா என்று.

"எல்லாருக்கும் வணக்கம்" என்கிறது என் தலைக்கு மேலே இவர் குரல். "அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல. நூத்திரண்டு காய்ச்சல். இருந்தாலும் அம்மன் கூப்பிட்ட மாரி ஒரு நெனப்பு, எந்திச்சு வந்துட்டேன்." கைதட்டுகிறார்கள். காய்ச்சலை விடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாரே, கெட்டிக்காரர். "கையில ஒரு பழைய காமிரா, ஒரே ஒரு லென்ஸ், ப்ளாஷ்கூட இல்ல." முக்கில் சப்பரம் திரும்பிவிட்டது. பேராத்துச்செல்வி அம்மன், சீரியல் பல்பு முழுக்க மின்னிக்கொண்டு ஆடி ஆடி வருகிறாள், உச்சியில் கவை மூங்கிலோடு மாசானம் எறும்பளவுக்குத் தெரிகிறான். "கரண்டு நின்னுச்சு. மேல பாத்தேன். வயரைத் தூக்குத அந்தக் கையைப் பாத்ததும் எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துட்டு." மாமா. எங்கள் அப்பா இவருக்குத் தாய்மாமன், சொல்ல உரிமை உண்டு, யாரும் கேட்கமுடியாது. "எங்க மாமாவும் வயர்மேன்தான். கரண்டு நிறுத்தியாச்சுன்னு ஒருத்தன் சொன்னதை நம்பி ஏறினவரு." கடைக் கதவில் சாய்ந்துகொண்டேன். பெயரைச் சொல்லிவிடுவாரோ. அந்த ஆள் இன்னும் தெற்குத் தெருவில் இருக்கிறார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார், அப்பா பதினோரு வருடம் காப்பாற்றி வைத்ததைக் குழாய் வைத்து ஊருக்குக் கொட்டிவிடுவாரோ. பெயரைச் சொல்லவில்லை. குரல் தழுதழுத்தது, அது நடிப்பா நிஜமா என்று பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சப்பரம் வந்தே விட்டது, மேடைக்கும் எனக்கும் நடுவே மூக்கை நீட்டிவிட்டது. மேளம் நின்றது. பின்னால் ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமி அடங்கியது. அவர் பேச்சு ஓட்டத்தில் அதைக் கவனிக்கவில்லை. "அந்தக் கை அப்படி ஆனதுக்கு அப்புறம் மாமாவால சட்டை போட முடியாது. தினம் காலையில மாமாவுக்குச் சட்டைப் பொத்தானை" என்றார், விளக்கெல்லாம் போய்விட்டது.

குழாயும் செத்தது. இருட்டு. நாலு தீவட்டி. பொத்தான். அதை நான் அவரிடம் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. பன்னிரண்டு வயசிலிருந்து, பள்ளிக்கூடம் கிளம்புகிறதுக்கு முன்னால், அப்பா முன்னால் நின்று கீழிருந்து மேலே ஐந்து பொத்தான். கழுத்துக்கிட்ட வரும்போது அப்பா நாடியைத் தூக்கிக்கொள்வார், சவரம் பண்ணாத முள் விரலில் குத்தும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டோம். இவர் அப்போது தென்காசியில் படித்துக்கொண்டிருந்தார். லீவுக்கு வந்தால் அப்பாவின் கையைப் பார்க்கப் பயந்து கிணற்றடிப் பக்கமே நிற்பார். சரி, அது இருக்கட்டும், பேச்சு பாதியில்தான் நிற்கிறது. என் பெயரைச் சொல்லி, பொத்தானை வடிவுதான் போட்டுவிடுவா என்று முடிக்கலாமே. என் பெண்டாட்டி போட்டுவிடுவாள் என்று சொன்னால்கூடப் போதும், படத்தை வைத்துக்கொள்ளட்டும், பேனரை வைத்துக்கொள்ளட்டும், புதுக் காமிராவையும் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கட்டும், அந்த ஐந்து பொத்தானை விட்டுவிட்டால் நான் இப்படியே வாயை மூடிக்கொண்டு செத்துப்போகத் தயார். நிஜமாகத்தான் அப்படி நினைத்தேன். "வரட்டும்" என்கிறான் மாசானம் உச்சியில். சக்கரம் நறநறக்கிறது. "வரட்டும், வரட்டும், நில்லு." வயரைக் கவையில் வாங்கித் தூக்குகிறான். என் கை காமிராவைத் தூக்கிவிட்டது, முழங்கை தானாக விலாவில் ஒட்டிக்கொண்டது, கைக்கு மட்டும் அதன் வேலை தெரிகிறது. பார்த்துவிட்டான். பல் தெரிகிறது. அத்தனை பெரிய தெருவில் ஒரு சத்தம் இல்லாத நேரத்தில், வரட்டும் நில்லு தவிர எவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாத நேரத்தில், "யக்கா, போன வருசம் நின்ன அதே படியிலயா நிக்கிய? எடுங்க, பாக்கேன்" என்றான். வடம் பிடித்தவர்கள் சிரித்தார்கள், யாரோ ஒரு பெரியவர் உஸ்ஸென்று அதட்டினார். எடுத்தேன். "விழுந்துட்டு மாசானம், நீ வேலையைப் பாரு" என்றேன். என் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. கடலைக்கார அம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சப்பரத்தின் கால்களுக்கு நடுவே மேடை தெரிந்தது, தீவட்டி வெளிச்சம் அங்கேயும் கொஞ்சம் எட்டியது. இவர் செத்துப்போன மைக்கைப் பிடித்தபடியே நின்றார். மாசானத்தைப் பார்க்கவில்லை, அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே என்னைத்தான் பார்த்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது எங்கள் வீட்டு உண்டியலை உடைத்துவிட்டு, கதவோரத்தில் என்னைப் பார்த்ததும் நின்ற முகம், சொல்லிராத வடிவு என்கிற முகம். நான் சொல்லவில்லை, அப்பாவிடம் நானே அடி வாங்கிக்கொண்டேன். இப்போது மறுபடி அதே முகத்தைக் காட்டுகிறார், சால்வை வாங்கப்போகிற மனுஷர், நாற்பது வயசில். எனக்குக் கோபம் வரவில்லை, அசட்டு ஆசைதான் வந்தது. கேட்டுவிட்டாரே, பார்த்துவிட்டாரே, இனி எப்படிச் சொல்வார் என்ற ஆசை. யோசிக்க இவருக்கு முழுசாக மூன்று நிமிடம் கிடைத்திருக்கிறது, இந்த ஊரில் வேறு எவருக்கும் பொய்க்கு நடுவில் மூன்று நிமிடம் கொடுக்கமாட்டார்கள். சப்பரம் மெதுவாக வயரைத் தாண்டியது. "போட்டுரலாம்" என்று மாசானம் கத்தினான், அதை வாங்கி முக்கில் ஒருவர் கத்தினார், அதை வாங்கி டிரான்ஸ்பார்மர் பக்கம் இன்னொருவர். விளக்கு வந்தது. கண் கூசியது. தலைக்கு மேலே குழாய் கரகரத்தது. செயலாளர், நீங்க விட்ட இடத்துலருந்து சொல்லுங்க என்று அவர் தோளைத் தட்டினார். இவர் தொண்டையைச் செருமினார், என்னைப் பார்த்துக்கொண்டேதான் செருமினார். "மாமாவுக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன்" என்றார்.

கைதட்டினார்கள். கடலைக்கார அம்மாள் தட்டவில்லை. "அவன் ஒங்களையாம்மா சொன்னான்?" என்று கேட்டாள், நான் படியிறங்கினேன். கூட்டத்துக்குள் இடித்துப் புகுந்து போகும்போது யார் காலையோ மிதித்தேன், ஏதோ திட்டினார்கள். லோசனி என்னைப் பார்த்து, அம்மா என்று கையாட்டினாள், நானும் ஆட்டினேன். இனி நடக்கிறதை அவளும் கேட்கத்தான் போகிறாள், இன்று ராத்திரி தூங்கமாட்டாள், நாளைக்கு நானே அவளுக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்குத்தான் மூன்று மாதமாகப் பயந்தேன், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் நிற்கவில்லை. மேடைப் படி நாலே நாலு. "படம் எடுக்கவாம்மா, வாங்க, வாங்க" என்று செயலாளர் வழிவிட்டார். இவர் சிரிக்கிறார், சால்வைக்காகக் கழுத்துக் காமிராவைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருக்கிறார், இன்னும் நான் படம் எடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார். கிட்டே போய், "அத்தான், மைக்கைக் குடுங்க" என்றேன். "என்னட்டி" என்றார் சிரிப்பு மாறாமல், பல்லுக்குள். நான் கையை நீட்டியபடியே நின்றேன். அடுத்த சப்பரம் இந்தத் தெருவுக்கு வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது, அதுவரை கரண்டு நிற்காது.